“நான் யாரை மன்னிக்கவில்லை?” – உடல்நலம் பேசும் மேடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேச்சாளர்களுக்கு,

வணக்கம். கல்யாண மண்டபத்திலும் கோயில் கொடை மேடையிலும் யூடியூபிலும் ‘மனசைச் சரி பண்ணினால் உடம்பு தானாகச் சரியாகும்’ என்று பேசுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒருவர் பேச்சைக் கேட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கப்புறம் தேடிப் பார்த்தால் பத்துப் பேர் அதையே பேசியிருக்கிறீர்கள், சொல்லும் உதாரணம் உட்பட. அதனால் தனியாக ஒருவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் 34 வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் இல்லை. நீங்களும் பெரும்பாலோர் இல்லை, அதனால் சரிக்குச் சரியாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

போன தை மாதம் எங்கள் தெருவுக்குப் பக்கத்து மண்டபத்தில் ‘இலவச உடல்நல விழிப்புணர்வுக் கூட்டம்’ என்று நோட்டீஸ் வந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு வயது 66. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவும் முடிந்து, அப்போதுதான் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. வீட்டை விட்டு வெளியே வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் பருத்தித் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் இருந்தவர் நன்றாகவே பேசினார், சிரிக்க வைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “வருத்தத்தை வெளியே சொல்லாமல் உள்ளேயே போட்டுப் பூட்டுகிற பெண்களுக்குத்தான் மார்பில் கட்டி வரும். நீங்கள் மன்னிக்காத ஒவ்வொருவரும் உங்கள் உடம்பில் ஒரு கட்டி” என்றார். மண்டபமே கை தட்டியது. அக்காவும் தட்டினாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து மணிக்கு மேல் அடுக்களையில் விளக்கு எரிகிறதே என்று போய்ப் பார்த்தால், பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். “ஏட்டி, நான் யாரை மன்னிக்காம இருந்திருப்பேன்?” என்று கேட்டாள். ஏழு பெயர் எழுதியிருந்தாள். முதல் பெயர் அவள் மாமியார். அந்த அம்மா இறந்து இருபது வருடம் ஆகிறது. இரண்டாவது எங்கள் பெரிய அண்ணன், வீட்டு மனை விவகாரம். ஆறாவது என் பெயர். அதற்கு நேரே ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறிதான் என்னைப் படிக்க வைத்தது. ஓய்வு பெற்றவளுக்கு நேரம்தானே சொத்து. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்தேன். புரியாததை மறுபடி படித்தேன். படித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் மேடையில் சொல்லும் ‘புற்றுநோய்க் குணம்’ என்ற சரக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அதற்குப் பல வேர்கள் உண்டு. அதில் பெரிய வேர் லண்டனில் இருந்த ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர். சாதாரண ஆள் இல்லை. அவர் காலத்து உளவியலாளர்களில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவர்களில் ஒருவர். அவரும் ரொனால்ட் கிரோசார்த்-மாட்டிசெக் என்பவரும் சேர்ந்து 1980களிலும் 1990களிலும் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். உணர்ச்சியை அடக்கி வைக்கிறவர்களுக்குப் புற்றுநோய், கொதித்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இதயநோய் என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் காட்டிய எண்கள் வேறு யாருக்கும் கிடைக்காத அளவுக்குப் பெரியவை. குணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஒரு துண்டு வெளியீட்டைப் படிக்கக் கொடுத்ததிலேயே சாவு பெருமளவு குறைந்தது என்றுகூட எழுதினார்கள். ஒரு துண்டுக் காகிதம்!

அந்தக் காலத்திலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐசென்க் 1997இல் இறந்தார். அவர் வேலை பார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரி 2019இல் விசாரணை நடத்தி, இருவரும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று அறிவித்தது. அதற்குப் பிறகு பல இதழ்கள் தாங்கள் வெளியிட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஐசென்க் வாங்கிய ஆராய்ச்சிப் பணத்தில் புகையிலைக் கம்பெனிகளின் பணமும் இருந்தது. யோசித்துப் பாருங்கள். நுரையீரலில் புற்று வந்தவன் சிகரெட்டால் சாகவில்லை, அவன் குணத்தால் செத்தான் என்று ஒரு பேராசிரியர் சொன்னால் சிகரெட் விற்கிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

இதயத்துக்கும் இதே கதை ஒன்று உண்டு. ‘டைப் ஏ’ ஆட்கள் என்று நீங்கள் சொல்வீர்களே, எப்போதும் அவசரம், போட்டி, சிடுசிடுப்பு. 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் கிளப்பியது. அவர்கள் காத்திருப்பு அறையில் நாற்காலிகளின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்ததாம், நோயாளிகள் நுனியிலேயே உட்கார்ந்ததால். அந்தக் கதையை நீங்களும் சொல்கிறீர்கள், நல்ல கதைதான். அவர்கள் வெறும் கதையோடு நிற்கவும் இல்லை. கலிபோர்னியாவில் 3,154 ஆண்களை எட்டரை வருடம் பின்தொடர்ந்து, டைப் ஏ ஆட்களுக்கு இதயநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று காட்டினார்கள். உலகமே ஏற்றுக்கொண்டது. நீங்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். மிச்சம் என்னவென்றால், 1985இல் வந்த வேறொரு பெரிய ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. 1988இல் அதே 3,154 பேரின் பழைய பட்டியலை எடுத்து, மாரடைப்பு வந்தவர்கள் அதற்குப் பிறகு எவ்வளவு நாள் இருந்தார்கள் என்று பார்த்தால், சிடுசிடு ஆசாமிகள்தான் குறைவாகச் செத்திருந்தார்கள்! இதற்குள்ளும் புகையிலைப் பணம் புகுந்திருந்தது. வழக்குகளால் வெளியே வந்த பிலிப் மோரிஸ் கம்பெனியின் ஆவணங்களை ஆராய்ந்து 2012இல் எழுதியிருக்கிறார்கள். டைப் ஏ ஆராய்ச்சிக்கு அந்தக் கம்பெனி பல வருடம் பணம் கொடுத்திருக்கிறது. எல்லாம் கழித்து இன்று மிஞ்சியிருப்பது, தீராத பகையும் கோபமும் இதயத்துக்குக் கொஞ்சம் கெடுதல் என்பதுதான். அதிலும் ஒரு பங்கு, கோபக்காரர் ஊதித் தள்ளும் சிகரெட்டின் பங்கு.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஏறத்தாழ 60,000 இரட்டையர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து, அவர்களுடைய குணத்தையும் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்பதையும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டார்கள். கலகலப்பானவர், ஒதுங்குகிறவர், பதறுகிறவர், பதறாதவர், யாருக்கும் வித்தியாசம் இல்லை. 2014இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 42,843 பேரை வைத்துப் பார்த்தார்கள். உளவியலாளர்கள் குணத்தை ஐந்தாகப் பிரித்துப் பேசுவார்கள்: பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், பதற்றம், புதியதை நாடுதல். இந்த ஐந்தில் எதற்கும் புற்றுநோய் வருவதோடு தொடர்பு தென்படவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். “அப்ப அந்த ஆள் சொன்னது?” என்றாள். பொய் என்றேன். “பொய்யா இருந்தா இவ்வளவு பேரு கை தட்டுவாங்களா?” என்றாள். நீங்கள் கை தட்டு வாங்குவதன் விலை இது.

அப்படியானால் குணத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அதை நீங்கள் பேசுவதே இல்லை என்பதுதான் என் அடுத்த வருத்தம். உண்மையான விஷயம் கேட்பதற்கு அவ்வளவு சுவையாக இல்லை போலிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹவாய்த் தீவில் நடந்த ஆய்வு, அது எங்கள் சாதியைப் பற்றியது. ஆசிரியர் சாதியைச் சொல்கிறேன். 1959க்கும் 1967க்கும் இடையில் ஓவாஹூ, கவாய் என்ற இரண்டு தீவுகளில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஜான் டிக்மன் என்பவர் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு குணத்தையும் எடுத்துக்கொண்டு வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் அதில் வரிசைப்படுத்த வேண்டும். யார் எடுத்த வேலையை முடிப்பார், யார் பாதியில் விடுவார், யார் பொருளைப் பத்திரமாக வைப்பார், இப்படி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். காகிதங்கள் அப்படியே கிடந்தன. 1998 முதல் லூயிஸ் கோல்ட்பர்க், சாரா ஹாம்ப்சன் முதலியவர்கள் அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அவர்கள் நாற்பது தாண்டிய அப்பாக்கள், அம்மாக்கள். பிறகு ஐம்பது வயதை ஒட்டி அவர்களை மருத்துவமனைக்கு வரவழைத்து ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, உடல் எடை என்று அளந்தார்கள். 2013இல் முடிவு வந்தது. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு டீச்சர் ‘பொறுப்பு குறைவு’ என்று வரிசையில் கீழே வைத்த பிள்ளையின் உடம்பு, ஐம்பது வயதில் சராசரியாகக் கொஞ்சம் மோசமாக இருந்தது. அந்த டீச்சருக்கு இது தெரிந்திருக்காது. எனக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. நான் எத்தனை ரிப்போர்ட் கார்டில் என்னென்ன எழுதினேன் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

நியூசிலாந்தில் டுனிடின் என்று ஒரு ஊர். 1972–73இல் அங்கே பிறந்த 1,037 பிள்ளைகளை மூன்று வயதில் இருந்து இன்று வரைக்கும் விடாமல் பின்தொடர்கிறார்கள். மூன்று வயதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பிள்ளை தன்னைத் தானே எவ்வளவு அடக்கிக்கொள்கிறது, பொறுத்திருக்கிறதா, தோன்றியதும் பாய்கிறதா என்று பெற்றோர், ஆசிரியர், ஆய்வாளர் எல்லோரிடமும் கேட்டு எழுதி வைத்தார்கள். 32 வயதில் உடம்பைப் பார்த்தால், சுயக்கட்டுப்பாட்டில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உடல்நலக் கோளாறுகள். முதல் ஐந்தில் ஒரு பங்கில் 11 சதவீதம். பல் ஈறு நோய் முதற்கொண்டு கணக்கெடுத்தார்கள். வீட்டு வசதி, அறிவுத்திறன் இரண்டையும் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. ஆனால் மனச்சோர்வு நோயை மட்டும் சுயக்கட்டுப்பாட்டை வைத்துக் கணிக்க முடியவில்லை. ‘கட்டுப்பாடு இல்லாதவனுக்குத்தான் டிப்ரஷன் வரும்’ என்று உங்களில் ஒருவர் பேசிய வீடியோவைப் பார்த்த பிறகு இந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது? கட்டி முளைக்கிற மாயம் எதுவும் இல்லை. டுனிடினில் அடக்கம் குறைந்த பிள்ளைகள் 15 வயதிலேயே புகைக்கத் தொடங்கினார்கள், படிப்பைப் பாதியில் விட்டார்கள். குணம் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, பழக்கம் முப்பது வருடம் ஓடுகிறது, அப்புறம் உடம்பு கணக்குக் காட்டுகிறது. மேடையில் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மாத்திரையில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களுக்கு ஒரு கொழுப்பு மருந்தைச் சோதித்து 1980இல் முடிவை எழுதினார்கள். ஒரு சாராருக்கு மருந்து, இன்னொரு சாராருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. அந்தப் போலி மாத்திரையைப் பத்துக்கு எட்டு வேளையாவது ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஏனோதானோ என்று விழுங்கியவர்களில் 28 சதவீதம். இரண்டு பேர் விழுங்கியதிலும் மருந்து கிடையாது! போலி மாத்திரையையே வேளை தவறாமல் போடுகிற ஆள், வேறு என்னவெல்லாம் வேளை தவறாமல் செய்திருப்பான் என்று பாருங்கள்.

எங்கள் அத்தான் நேர் எதிர். அக்கா வீட்டுக்காரர். ஊரில் அவரைப் பிடிக்காதவர் கிடையாது. சிரித்த முகம், யாருக்கு என்ன என்றாலும் முன்னால் நிற்பார். ‘எல்லாத்தையும் பாசிட்டிவா எடுத்துக்குங்க’ என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதற்கு உருவம் கொடுத்தால் அத்தான்தான். சர்க்கரை வந்து 18 வருடம். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுட்டி” என்பதுதான் அவர் வைத்தியம். கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு ஜாங்கிரி, “ஒண்ணுதானே” என்று இன்னொன்று. காலில் செருப்புக் கடித்த புண்ணை மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை, அது வலிக்கவும் இல்லை. அந்த நோயில் உணர்ச்சி மரத்துப் போகும். கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். எடுத்த மறுநாளும் வார்டில் நர்ஸுகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அவரைப் போன்றவர்களைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் சுமார் 1,500 புத்திசாலிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடர ஆரம்பித்தார். 1956இல் அவரே போய்ச் சேர்ந்தார், ஆய்வு நிற்கவில்லை. ஹோவர்ட் ஃப்ரீட்மன் என்ற உளவியலாளர் (முன்னால் சொன்ன ஃப்ரீட்மன் வேறு, இவர் வேறு) அந்தப் பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். பெற்றோரும் ஆசிரியரும் ‘பொறுப்பான பிள்ளை’ என்று எழுதியவர்கள் நெடுநாள் இருந்தார்கள். ‘கலகலப்பான, எதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிற பிள்ளை’ என்று எழுதியவர்கள் சராசரியில் முன்னதாகவே போனார்கள். வளர்ந்த பிறகு அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தார்கள், புகைத்தார்கள், துணிந்து இறங்கினார்கள். அதுவே முழு விளக்கம் என்று ஆராய்ச்சியாளர்களும் சொல்லவில்லை. டெர்மன் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஊர் மேல் போர்த்த முடியாது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தாலே நூறு வயசு என்று நீங்கள் சத்தியம் பண்ணும்போது, இதையும் ஒரு ஓரத்தில் சொல்லலாம் இல்லையா?

இப்போது அக்காவின் குணத்துக்கு வருகிறேன். அவள் கவலைக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாசல் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். பஸ் பத்து மணிக்கு என்றால் ஒன்பதே காலுக்கு ஸ்டாண்டில் நிற்பாள். உங்கள் கணக்கில் நோய் தேடி வருகிற சுபாவம். ஆனால் நடந்தது என்ன? குளிக்கும்போது சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்ட அன்றைக்கே எனக்குப் போன் பண்ணினாள். “கொழுப்புக் கட்டியா இருக்கும், ஒரு மாசம் பாப்போம்” என்று அத்தான் சொன்னார். அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தோம். ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டோம் என்று மருத்துவர் சொன்னார். நீங்கள் எந்தக் குணத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினீர்களோ, அதுதான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஒரு வீட்டுக் கதை சாட்சியாகாது என்று எனக்கும் தெரியும். அதனால் பெரிய கணக்கையும் பார்த்தேன். பிரிட்டனில் 3,21,456 பேரை வைத்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. பதற்ற சுபாவக்காரர்களை மேலோட்டமாகப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் செத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் உடம்பு எப்படி இருப்பதாகச் சொன்னார் என்பதையும் கணக்கில் சேர்த்ததும் தராசு மறுபக்கம் சாய்ந்தது. ‘என் உடம்பு அவ்வளவு சரியில்லை’ என்று சொன்னவர்களுக்குள்ளே, பதறுகிறவர்கள் குறைவாகச் செத்திருந்தார்கள். உடம்பைப் பற்றிய கவலை ஆஸ்பத்திரிக்குப் போக வைக்கும்போது நல்லது செய்கிறது, சிகரெட்டை எடுக்க வைக்கும்போது கெட்டது செய்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். பதற்றம் அளவு மீறித் தூக்கத்தையே தின்றுவிட்டால் அது வேறு விஷயம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. 207 சிகிச்சை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் எழுதியதில், சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் குணமே ஓரளவு மாறுகிறது, எல்லாவற்றிலும் அதிகமாக மாறுவது இந்தப் பதற்றம்தான் என்று கண்டிருக்கிறார்கள். குணம் கல்லில் வெட்டியது இல்லை. டுனிடினிலும் வளர வளர அடக்கம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் 32 வயதில் கணிப்பைவிட நன்றாகவே இருந்தார்கள்.

நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களை மட்டும் சொல்வது நியாயம் இல்லை.

1990களில் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தினமும் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். வீட்டுப்பாடம் கிடையாது, சிலேட்டைத் தொலைப்பாள். அரையாண்டுக் குறிப்பில் ‘சிரத்தை இல்லை’ என்று எழுதினேன். ஹவாயில் இருந்திருந்தால் அவளை வரிசையில் கடைசியில் வைத்திருப்பேன். ஒரு நாள் கணக்கு நோட்டைத் திருத்தும்போது அதிலிருந்து ஒரு வாசனை வந்தது, மூக்கை எரிக்கிற வாசனை. புகையிலைத் தூள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள், உங்களுக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அம்மா சுற்றுகிற பீடிக்கு இவள் முனை மடக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், எண்ணிக்கை குறைந்தால் கடையில் கூலி குறையும் என்று. எட்டு வயதில் அவ்வளவு பொறுப்பான பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவளைத்தான் சிரத்தை இல்லாதவள் என்று எழுதினேன்.

குணம் என்று நாம் எழுதுவதில் பாதி, அந்த ஆளின் வீடு. மருத்துவமனையில் ‘மாத்திரை ஒழுங்காப் போட மாட்டாங்க’ என்று சீட்டில் எழுதப்படுகிறவர்களில் எத்தனை பேர் தினக்கூலியை விட்டுவிட்டு மாத்திரை வாங்க வரிசையில் நிற்க முடியாதவர்கள்? அத்தான் மாதிரி மறந்துபோகிறவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அத்தானுக்கும் ஒரு பெண் வருகிறாள். வாசலிலேயே நின்று, போன மாத அட்டையைக் காட்டச் சொல்லி, மிச்சம் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறாள். மிச்சம் இருந்தால் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அத்தானின் குணம் இன்னும் அதேதான், ஜாங்கிரியும் அதேதான். சர்க்கரை மட்டும் இறங்கியிருக்கிறது. இப்போது ஏழு கட்டம் போட்ட பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி ஒன்று சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா நிரப்புகிறாள். கவலைக்காரியின் கவலை, கவலையே இல்லாதவருக்குக் கட்டம் கட்டமாகப் போய்ச் சேருகிறது.

இதைப் பேசுங்கள் என்கிறேன். உங்களுக்குக் கூட்டம் வருகிறது, பெண்கள் வருகிறார்கள், நீங்கள் சொல்வதை வீட்டுக்குப் போய் யோசிக்கிறார்கள். எந்த மருத்துவருக்கும் கிடைக்காத ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் மார்பைத் தாங்களே எப்படிப் பார்த்துக்கொள்வது, எது தட்டுப்பட்டால் தள்ளிப்போடக் கூடாது, மறக்கிறவருக்கு யார் நினைவுபடுத்துவது, பீடியை விட்டால் எத்தனை நாளில் மூச்சு சீராகும் என்று சொல்லலாம். மன்னிப்பதையும் பேசுங்கள், நல்ல விஷயம்தான், உறவுக்கு நல்லது. அதைக் கட்டியோடு முடிச்சுப் போடாதீர்கள். மூன்றாவது வரிசையில் தலையில் துணி சுற்றிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்கிறாளா என்று பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுத்த கூட்டம் சித்திரையில் அதே மண்டபத்தில் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றாலும் அக்கா வருவதாக இருக்கிறாள். முடி ஓரளவு வளர்ந்துவிட்டது, துணி இருக்காது, அடையாளம் தெரியாமல் போகலாம். போன தடவை கேள்வி கேட்க நேரமில்லை என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். இந்தத் தடவை பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள். பால்கணக்கு நோட்டை நான் கொண்டுவருகிறேன். அதில் உள்ள ஏழு பேரில் யாரால் வந்தது என்று அவளிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில், அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள்